பரிசலிலும் விசைப்படகிலும் பாட்டுக் கேட்க எதை வாங்குவது?

பென்னாகரத்தில் நான் நடத்தும் பழுதுபார்க்கும் கடைக்கு, ஆடி பிறந்துவிட்டால் நனைந்த போன்களும் நனைந்த ஸ்பீக்கர்களும் ஒன்றன்பின் ஒன்றாக வரத் தொடங்கிவிடும். ஒகேனக்கல்லில் பரிசல் ஏறிய குடும்பத்தினர், நாகமரையிலிருந்து பண்ணவாடிக்கும் ஒட்டனூரிலிருந்து கோட்டையூருக்கும் மேட்டூர் அணையின் நீர்ப்பரப்பைக் கடந்து போய்வரும் படகுக்காரர்கள், இரவில் வலை விரித்துவிட்டு விடியும்வரை காத்திருக்கும் மீனவர்கள் என எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: தண்ணீரின் மேல் பாட்டுக் கேட்க எதை வாங்கினால் கெடாமல் இருக்கும்?

கெடாமல் இருப்பது இரண்டாவது விஷயம் என்பதே என் பதில். போனைக் கையில் எடுக்காமலேயே பாட்டு ஓட வேண்டும் என்பதுதான் முதல் விதி. மற்ற எல்லாத் தேர்வுகளும் அதிலிருந்தே பிறக்கின்றன. ஆற்றின் நடுவில் ஏதேனும் நேர்ந்தால் கரைக்குத் தகவல் சொல்ல நம்மிடம் இருக்கும் ஒரே வழி அந்தப் போன்தான். அதன் பேட்டரியைப் பாட்டுக்குத் தீர்த்துவிடுவதும், அடுத்த பாட்டுக்கு மாற்றுவதற்காக ஆடும் பரிசலில் அதை உறையிலிருந்து வெளியே எடுப்பதும் தேவையற்ற ஆபத்து. ஈரக் கைவிரலை ஒழுங்காக உணராத தொடுதிரையை அழுத்தி அழுத்திப் பார்க்கும் நேரத்தில்தான் போன் கை நழுவுகிறது என்பதை, என் மேசைக்கு வந்து சேரும் போன்களின் கதைகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. ஆகவே பாட்டு தனியாக ஒரு கருவியில் இருக்க வேண்டும். அந்தக் கருவிக்கு அழுத்தும் பொத்தான்கள் இருக்க வேண்டும். போன் நீர்புகாத உறைக்குள் கழுத்தில் தொங்கிக்கொண்டு சும்மா இருக்க வேண்டும்.

கலத்தில் மின்சாரம் இருக்கிறதா?

கடைக்குப் போகுமுன் உங்கள் கலத்தில் மின்சாரம் எங்கிருந்து வரும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். பரிசலில் மின்சாரமே கிடையாது. கயிற்றை இழுத்து இயக்கும் சிறிய இன்ஜின் பொருத்திய படகுகளிலும் பெரும்பாலும் பேட்டரி இருக்காது. இன்ஜின் ஓடினாலும் அதிலிருந்து ஒரு ஸ்பீக்கருக்கு மின்சாரம் எடுக்க வழியிருக்காது. சாவி திருப்பி இயக்கும் இன்ஜினுள்ள விசைப்படகில் மட்டுமே 12 வோல்ட் பேட்டரி இருக்கும். ஆகவே முதல் இரண்டு வகைக் கலங்களுக்கும் தன் உடலுக்குள்ளேயே பேட்டரியைக் கொண்ட சிறிய ஸ்பீக்கரும், மூன்றாவது வகைக்குக் காரில் பொருத்துவது போன்ற நிலையான செட்டும் பொருந்தும். பரிசலில் கார் பேட்டரியை ஏற்றிக்கொண்டு போக முடியாதா என்று கேட்டவர்களும் உண்டு. ஏழடி அகலமுள்ள மூங்கில் கூடையில் ஆட்களுக்கு இடையே அமிலம் நிரம்பிய பெட்டியை வைக்கும் யோசனையை அங்கேயே விட்டுவிடுவது நல்லது.

பரிசலின் உடல்வாகையும் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மூங்கில் பத்தைகளால் பின்னி, முன்பு தோலும் இப்போது பிளாஸ்டிக் விரிப்பும் போர்த்தி, தார் பூசிய கலம் அது. அடியில் எப்போதும் சிறிது நீர் தேங்கியிருக்கும். வெயிலில் தார் பூசிய பரப்பு கை வைக்க முடியாத அளவுக்குச் சுடும். பரிசல்காரர் ஒரு சுழற்று சுழற்றினால் தளர்வாக வைத்திருக்கும் எந்தப் பொருளும் ஒரு பக்கமாக உருளும். ஆகவே ஸ்பீக்கரை அடித்தளத்தில் வைக்கக் கூடாது. விளிம்பின் மேலும் வைக்கக் கூடாது. உட்காருபவரின் முழங்கால் உயரத்தில், உட்புற மூங்கில் பின்னலோடு ஒரு நைலான் கயிற்றால், இழுத்தால் உடனே அவிழும் முடிச்சிட்டுக் கட்டுவதே சரி. கயிறு மாட்டுவதற்கு உறுதியான வளையம் இல்லாத ஸ்பீக்கரை, அது எவ்வளவு இனிமையாகப் பாடினாலும், பரிசலுக்கு என்று வாங்க வேண்டாம்.

பெட்டியின் மேலுள்ள எண்

நீர் புகாது என்று பெட்டியில் எழுதியிருப்பதற்கு மதிப்பில்லை. ஐபி என்று தொடங்கும் எண்ணுக்குத்தான் மதிப்பு. அந்த எழுத்துகளை அடுத்து வரும் முதல் எண் தூசியையும் இரண்டாவது எண் நீரையும் குறிக்கின்றன. முதல் எண்ணின் இடத்தில் எக்ஸ் என்று இருந்தால், தூசிக்கான சோதனை மதிப்பு குறிக்கப்படவில்லை என்று பொருள். ஐபிஎக்ஸ்4 என்பது எத்திசையிலிருந்தும் தெறிக்கும் துளிகளைத் தாங்கும். ஐபிஎக்ஸ்5 குழாயிலிருந்து பீய்ச்சும் நீரைத் தாங்கும். ஐபிஎக்ஸ்7 ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் மூழ்கியிருந்தாலும் தாங்கும். இங்கே ஒரு நுட்பம் உண்டு. மூழ்கும் சோதனையில் தேறிய கருவி பீய்ச்சும் சோதனையிலும் தேறியிருக்கும் என்று பொருளில்லை, ஏனெனில் அவை இரண்டும் தனித்தனிச் சோதனைகள். அருவியின் சாரலுக்கு அருகே பரிசல் போகும் ஒகேனக்கல்லில் இரண்டும் வேண்டியிருக்கும் என்பதால், ஐபிஎக்ஸ்5, ஐபிஎக்ஸ்7 ஆகிய இரண்டையும் சேர்த்துக் குறிப்பிடும் கருவி கிடைத்தால் அதை எடுக்கலாம். கிடைக்காவிட்டால் ஐபி67 என்றிருப்பதைத் தேர்ந்தெடுங்கள். மணலும் வண்டலும் நிறைந்த நம் கரைகளில் அந்த முதல் 6, அதாவது தூசி அறவே புகாது என்ற சான்று, நீருக்கான எண்ணுக்கு நிகராகப் பயன்படும்.

அந்த எண் சொல்லாத செய்திகளும் உண்டு. கருவி மிதக்குமா என்பது அந்தச் சோதனையில் அடங்காது. ஐபி67 ஸ்பீக்கர் ஒன்று கல்லைப் போல நேராக ஆற்றின் அடிக்குப் போகலாம், போய் 31-வது நிமிடத்தில் கெட்டும் போகலாம். மிதக்கும் என்று உற்பத்தியாளரே தனியாகக் குறிப்பிட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் பழைய உயிர்காப்பு அங்கியிலிருந்து எடுத்த மிதவைத் துண்டு ஒன்றை அதன் கயிற்றில் கட்டிவிடுங்கள். இரண்டாவது, சார்ஜ் ஏற்றும் துளையின் ரப்பர் மூடி இறுக மூடியிருந்தால் மட்டுமே அந்த எண் செல்லுபடியாகும் கருவிகள் நிறைய உள்ளன. என்னிடம் வந்த நனைந்த ஐபிஎக்ஸ்7 ஸ்பீக்கர்களில் பெரும்பாலானவற்றில் பழுது என்று எதுவுமே இல்லை. மூடி மட்டும் திறந்திருந்தது. மூன்றாவது, சோதனை புதிய கருவியில் நடக்கிறது. இரண்டு கோடைகளை வெயிலில் கழித்த ரப்பர் விறைத்துப்போய் வெடித்திருக்கும். அதற்குப் பிறகு பெட்டியிலுள்ள எண்ணை நம்புவதற்கில்லை.

கடலில் ஓடும் படகுகளுக்கு உப்பு பெரிய எதிரி. அதற்காகவே மரைன் என்ற பெயரில் விற்கும் கருவிகளில் துரு ஏறாத திருகுகளும், வெள்ளீயப்பூச்சு ஏற்றிய செம்புக் கம்பிகளும், உப்புச் சாரலைத் தாங்குமா என்று பார்த்த சோதனையும் இருக்கின்றன. காவிரியும் தென்பெண்ணையும் நன்னீர். அணையில் மட்டும் ஓடும் படகுக்கு உப்புக்கான அந்தக் கூடுதல் விலையைக் கொடுக்கத் தேவையில்லை. வெயிலைத் தாங்கும் பிளாஸ்டிக் மட்டும் நமக்கும் வேண்டும், ஏனெனில் நிழலற்ற நீர்ப்பரப்பில் மேலிருந்து விழும் வெயிலோடு நீரில் பட்டுத் திரும்பும் ஒளியும் சேர்ந்து சாதாரணப் பிளாஸ்டிக்கை விரைவில் நொறுங்கச் செய்துவிடும்.

பாட்டை எதில் ஏற்றிக்கொண்டு போவது?

மெமரி கார்டில் என்பதுதான் என் விடை. ஸ்பீக்கரிலேயே கார்டு செருகும் துளை இருந்தால் போனும் வேண்டாம், சிக்னலும் வேண்டாம். கணக்கைப் பாருங்கள்: நொடிக்கு 128 கிலோபிட் தரத்திலுள்ள எம்பி3 கோப்பு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு மெகாபைட் இடம் பிடிக்கும்; ஐந்து நிமிடப் பாட்டுக்கு 5 மெகாபைட். 32 ஜிபி கார்டில் இப்படி ஆறாயிரம் பாட்டுக்கு மேல் கொள்ளும். 320 கிலோபிட் தரத்தில் வைத்தாலும் இரண்டாயிரத்து ஐந்நூறு பாட்டு இருக்கும். நீரின் இரைச்சலுக்கு நடுவே உள்ளங்கை அளவு ஸ்பீக்கரில் இந்த இரண்டு தரங்களுக்கும் வேறுபாடு கண்டுபிடிப்பவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. ஃபிளாக் போன்ற சுருக்க இழப்பில்லாத கோப்புகளை வீட்டில் வைத்துக் கேளுங்கள். ப்ளூடூத் வழியே அனுப்பும்போது ஒலி பெரும்பாலும் மறுபடியும் சுருக்கப்பட்டுவிடுவதால் அவற்றின் மேன்மை வழியிலேயே கரைந்துவிடுகிறது. விலை குறைந்த ஸ்பீக்கர்கள் பலவற்றுக்கு அந்த வகைக் கோப்பைப் படிக்கவும் தெரியாது.

32 ஜிபி என்று குறிப்பிட்டுச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அதற்கு மேற்பட்ட கொள்ளளவுள்ள கார்டுகள், கோப்புகளை அடுக்கி வைக்கும் எக்ஸ்ஃபேட் என்ற அமைப்பில் வருகின்றன. எளிய ஸ்பீக்கர்களும் கார் செட்டுகளும் ஃபேட்32 என்ற பழைய அமைப்பை மட்டுமே படிக்கும். பெரிய கார்டை வாங்கிவிட்டு ஸ்பீக்கர் கெட்டுவிட்டது என்று கொண்டு வருபவர்களுக்கு, சிறிய கார்டைச் செருகிக் காட்டி அனுப்பிவிடுகிறேன். எம்4ஏ என்று முடியும் கோப்புகளையும் பல கருவிகள் தாண்டிப் போய்விடும் என்பதால் எல்லாவற்றையும் எம்பி3 ஆக மாற்றிக்கொள்வது தொல்லையில்லாதது. கோப்பின் பெயர் தமிழில் இருந்தால் சிறு திரையில் கட்டங்களாகவோ கேள்விக்குறிகளாகவோ தெரியலாம். ஆனால் பாட்டு பெரும்பாலும் ஓடிவிடும். பாட்டு எந்த வரிசையில் ஓட வேண்டும் என்று விரும்புகிறீர்களோ அதே வரிசையில் ஒவ்வொன்றாகக் கார்டில் பதியுங்கள், ஏனெனில் இவ்வகைக் கருவிகள் பல, பெயரின் அகர வரிசையைப் பார்க்காமல், பதிந்த வரிசையிலேயே ஓட்டும்.

நம் பக்கத்தில் தெருக்கூத்துப் பதிவுகளைக் கேட்பவர்கள் அதிகம் என்பதால் அதைப் பற்றியும் ஒரு வார்த்தை. விடிய விடிய நடந்த கூத்தை ஒரே கோப்பாக வைத்துக்கொண்டால், ஸ்பீக்கரை ஒரு முறை அணைத்துத் திறந்ததும் பல கருவிகள் மறுபடியும் முதலிலிருந்தே தொடங்கிவிடும். ஆறு மணி நேரம் கடந்துபோன இடத்துக்குப் பொத்தானை அழுத்தியே போய்ச் சேர்வது ஆகிற காரியமில்லை. அரை மணி நேரத் துண்டுகளாக வெட்டி, எண்ணிட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒற்றை மைக்கில் எடுத்த பதிவுக்கு ஸ்டீரியோ தேவையில்லை. 64 கிலோபிட் மோனோவாக மாற்றினால் எட்டு மணி நேரக் கூத்தும் 230 மெகாபைட்டில் அடங்கிவிடும். அதையே வேவ் கோப்பாக ஸ்டீரியோவில் வைத்தால் ஏறத்தாழ 5 ஜிபி ஆகும். ஃபேட்32 அமைப்பில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது என்பதால் கார்டு அதை ஏற்கவே ஏற்காது.

இணையத்திலிருந்து நேரடியாகக் கேட்கும் வழியைப் படகுக்கு நான் பரிந்துரைப்பதில்லை. ஒகேனக்கல்லில் பாறைச் சுவர்களுக்கு இடையே பரிசல் நுழைந்தால் சிக்னல் அறுபட்டுவிடும். சிக்னலைத் தேடித் தேடியே போனின் பேட்டரி இறங்கும். செயலிக்குள் இறக்கி வைத்துக்கொள்ளலாம், உண்மைதான். ஆனால் அப்படி இறக்கிய பாட்டு பூட்டிய பெட்டிக்குள் இருப்பதைப் போன்றது. அதை மெமரி கார்டுக்கு எடுத்து ஸ்பீக்கரில் போட முடியாது. ஸ்பாட்டிஃபை போன்ற செயலிகள் 30 நாளைக்கு ஒரு முறையாவது இணையத்தில் இணைந்தால்தான் அந்தப் பாட்டுகளைத் தொடர்ந்து ஓட்டவிடும் என்பதையும், ஏரியூர்ப் பக்கம் ஆற்றங்கரைக் குடிசையில் வாரக்கணக்கில் தங்கி மீன்பிடிப்பவர்கள் கவனித்துக்கொள்ள வேண்டும்.

ப்ளூடூத்தை வேண்டாம் என்று சொல்லவில்லை. அது இரண்டாவது வழியாக இருக்கட்டும். வழக்கமான கருவிகளில் அதன் எல்லை பத்து மீட்டர் அளவு. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை நீரில் உறிஞ்சப்பட்டுவிடும். மனித உடலும் பெரும்பகுதி நீர்தான். வீட்டுக்குள் சுவர்களில் பட்டுத் திரும்பும் அலை நம் உடலைச் சுற்றிக்கொண்டு ஸ்பீக்கரை அடைந்துவிடுகிறது. திறந்த நீர்ப்பரப்பில் அலையைத் திருப்பியனுப்பச் சுவர் இல்லை. அதனால்தான் கூடத்தில் தடையின்றி ஓடிய அதே ஸ்பீக்கர், பரிசலில் இரண்டு முழத் தூரத்தில் இருந்தும், போன் வைத்திருப்பவர் திரும்பி உட்கார்ந்தவுடன் விட்டு விட்டுப் பாடுகிறது. போனையும் ஸ்பீக்கரையும் உடலின் ஒரே பக்கத்தில் வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

பல ஸ்பீக்கர்களில் பண்பலை வானொலியும் இருக்கிறது; தருமபுரி வானொலியைக் கேட்டுக்கொண்டே வலை பார்ப்பவர்களுக்கு அது பயன்படும். அதை வாங்குமுன், ஆன்டெனா உள்ளேயே இருக்கிறதா, அல்லது சார்ஜ் ஒயரைச் செருகினால்தான் நிலையம் கிடைக்குமா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள். இரண்டாவது வகையில், வானொலி கேட்கும் நேரமெல்லாம் ரப்பர் மூடி திறந்தே கிடக்கும்.

பேட்டரியும் வெயிலும்

பேட்டரியின் அளவை மில்லி ஆம்பியர் மணியில் எழுதுவார்கள். 10,000 என்று எழுதிய பவர் பேங்கிலிருந்து பத்தாயிரமும் வெளியே வராது. அந்த எண் உள்ளேயிருக்கும் 3.7 வோல்ட் செல்லுக்கு உரியது. 5 வோல்ட்டாக மாற்றி வெளியே தரும்போது, இழப்பும் சேர்ந்து, ஆறாயிரத்தைச் சற்றுத் தாண்டினால் அதிகம். மேலும், ஒரு சிறிய எம்பி3 பிளேயர் இழுக்கும் மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால், எதுவும் இணைக்கப்படவில்லை என்று எண்ணிப் பல பவர் பேங்குகள் சில நொடிகளில் தாமாகவே அணைந்துவிடும். வாங்கும்போதே உங்கள் கருவியை அதில் மாட்டிப் பத்து நிமிடம் ஓடவிட்டுப் பாருங்கள். ஆர் என்ற எழுத்தோடு தொடங்கும் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு எண் அச்சிடப்படாத பவர் பேங்க்கைத் தொடவே வேண்டாம்.

லித்தியம் பேட்டரியைப் பொதுவாக 45 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட வெப்பத்தில் சார்ஜ் செய்யக் கூடாது. சித்திரை வெயிலில் தார் பூசிய பரிசலுக்குள் கிடக்கும் கறுப்பு நிற ஸ்பீக்கர் அந்த அளவை எளிதில் தாண்டும். ஆகவே ஓடும்போதே பவர் பேங்கிலிருந்து சார்ஜ் ஏற்றும் வழக்கத்தைக் கைவிட்டு, முந்தைய இரவே வீட்டில் ஏற்றிக்கொண்டு புறப்படுங்கள். வெளிர் நிறக் கருவி கிடைத்தால் அதையே எடுங்கள். ஈரத் துணியைப் பிழிந்து மேலே போர்த்தி வைத்தால் சூடு குறையும்; ஸ்பீக்கரின் வாயை மட்டும் மூடிவிடாதீர்கள்.

எத்தனை வாட் வேண்டும்?

திறந்த வெளியில் தூரம் இரு மடங்கானால் ஒலி 6 டெசிபல் குறையும். வாட்டை இரு மடங்காக்கினால் திரும்பக் கிடைப்பது 3 டெசிபல் மட்டுமே. காதுக்கு இரு மடங்கு உரக்கக் கேட்பதாகத் தோன்ற ஏறத்தாழப் பத்து மடங்கு வாட் வேண்டும். இந்தக் கணக்கைப் புரிந்துகொண்டால் பணம் மிஞ்சும். பரிசலில் எல்லோரும் கை நீட்டும் தூரத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். அங்கே 5 வாட் போதும், 10 வாட் தாராளம். நீளமான விசைப்படகில் பின்புறம் இன்ஜின் இரையும்போது, பின்னால் ஒரு பெரிய ஸ்பீக்கரை வைத்து இன்ஜினோடு போட்டி போடவிடுவதைக் காட்டிலும், ஆட்கள் உட்காரும் இடத்துக்கு அருகே இரண்டு சிறிய ஸ்பீக்கர்களை, காது மட்டத்துக்குச் சற்றுக் கீழே, இன்ஜினுக்கு முதுகைக் காட்டியவாறு வைப்பதே பலன் தரும். பெட்டியில் கொட்டை எழுத்தில் இருக்கும் பெரிய வாட் எண்ணைப் பார்க்காமல், தொடர்ச்சியாகத் தரும் அளவைக் காட்டும் ஆர்எம்எஸ் என்று குறித்த எண்ணைப் பாருங்கள். நான்கு ஸ்பீக்கர் வழிகளுக்கும் தலா ஐம்பது வாட் என்று எழுதிய கார் செட், உண்மையில் ஒரு வழிக்குத் தொடர்ச்சியாகத் தருவது இருபது வாட்டை ஒட்டியே இருக்கும்.

விசைப்படகில் நிலையாகப் பொருத்துவது

பேட்டரியுள்ள படகில் பென்டிரைவ் செருகும் சாதாரணக் கார் செட்டே போதும். சிடி ஓட்டும் பழைய செட்டைக் குறைந்த விலைக்குக் கொடுக்கிறார்கள் என்று எடுத்துவிடாதீர்கள். அதிர்வில் அது தாவித் தாவிப் பாடும், ஈரம் அதன் லென்ஸை மங்கச் செய்துவிடும். செட்டை மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து, ஒயர் நுழையும் துளை கீழ்ப்பக்கம் இருக்குமாறு பொருத்துங்கள். ஒயர் பெட்டிக்குள் நுழையுமுன் கீழ்நோக்கி ஒரு வளைவு வளைந்து பிறகு மேலேறட்டும். ஒயரின் மேல் வழிந்து வரும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். பென்டிரைவ் நீட்டிக்கொண்டிருந்தால் யாருடைய கையாவது பட்டுத் துளையோடு உடையும். நகம் அளவேயுள்ள குட்டி வகையை வாங்கிச் செருகிவிடுங்கள்.

மஞ்சள் ஒயர் நேரடியாகப் பேட்டரியின் நேர்முனைக்கும், சிவப்பு ஒயர் சாவி அல்லது ஒரு சுவிட்ச் வழியே அதே முனைக்கும், கறுப்பு எதிர்முனைக்கும் போக வேண்டும். செட்டின் நினைவைக் காக்கும் மஞ்சள் ஒயர், அணைத்திருக்கும்போதும் சிறிதளவு மின்னோட்டத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். வாரக்கணக்கில் கட்டிப்போட்டிருக்கும் படகில் அதுவே பேட்டரியைத் தீர்த்துவிடும் என்பதால், மஞ்சளுக்கும் ஒரு தனி சுவிட்ச் வையுங்கள். நிலைய நினைவுகள் அழிந்தால் அழியட்டும், இன்ஜின் கிளம்புவது முக்கியம். பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். செட்டின் பின்புறம் இருக்கும் ஃபியூஸை மட்டும் நம்பக் கூடாது. வழியில் ஒயர் எங்கேனும் உராய்ந்து ஷார்ட் ஆனால், செட்டின் ஃபியூஸுக்கு அது தெரியவே தெரியாது. ஒயர் பழுத்துத் தீப்பிடிக்கும், அருகிலோ பெட்ரோல் கேன் இருக்கும். இந்த ஒன்றில் மட்டும் நான் யாரோடும் சமரசம் செய்துகொள்வதில்லை. இணைப்புகளைத் திருகி டேப் சுற்றுவதோடு நிறுத்தாமல், சாலிடர் வைத்து, சூட்டில் சுருங்கும் குழாயைப் போர்த்தி, அசையாதபடி கிளிப் அடித்துவிடுங்கள்.

இன்ஜின் வேகத்துக்கு ஏற்ப ஏறி இறங்கும் ஒரு கீச்சொலி பாட்டோடு சேர்ந்து கேட்டால், செட்டின் எதிர்முனையை வேறு எங்கும் தொடாமல் நேரே பேட்டரிக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். அப்போதும் நிற்காவிட்டால், மின் வழியில் இடும் நாய்ஸ் ஃபில்டர் ஒன்றைச் சேர்த்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். படகில் திசைகாட்டி வைத்திருப்பவர்கள் ஸ்பீக்கரின் காந்தத்தை அதன் அருகே கொண்டுபோகக் கூடாது. நம் அணையில் திசைகாட்டி பார்த்து ஓட்டுபவர் அரிது. கடலுக்குப் போகும் உறவினருக்கு இதைச் சொல்லி வைக்கலாம்.

இன்ஜினைக் கிளப்பும் பேட்டரியிலிருந்தே பாட்டுக்கும் எடுப்பதா என்ற கேள்வி எழும். இன்ஜினை அணைத்துவிட்டு நெடுநேரம் கேட்பவராக இருந்தால், யுபிஎஸ்ஸில் இருக்கும் 12 வோல்ட், 7 ஆம்பியர் மணி வகைச் சீலிட்ட பேட்டரி ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். ஈயப் பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் குறையும் என்பதால் 3.5 ஆம்பியர் மணியைத்தான் கணக்கில் கொள்ள வேண்டும். ஒன்றரை ஆம்பியர் இழுக்கும் கார் செட்டுக்கு அது இரண்டு மணி நேரத்தைச் சற்றுத் தாண்டும். அதே பேட்டரியில் டி கிளாஸ் ஆம்ப்ளிஃபயர் போர்டு ஒன்றை, கார்டு படிக்கும் சிறிய போர்டோடு இணைத்தால், வீணாகும் வெப்பம் மிகக் குறைவு என்பதால், அடக்கமான ஒலியில் இரவின் பெரும்பகுதியை ஓட்டிவிடலாம். இரவு மீன்பிடிப்புக்கு நான் செய்து கொடுப்பது இந்த வகையைத்தான்.

எப்போது அணைப்பது

ஓட்டுபவரின் காது ஓட்டுபவருக்கே வேண்டும். பாறையில் நீர் மோதும் ஓசையும், எதிரே வரும் படகின் இன்ஜினும், கரையிலிருந்து கூப்பிடுபவரின் குரலும் அவருக்குக் கேட்க வேண்டும் என்பதால், பரிசல்காரர் பாட்டை நிறுத்தச் சொன்னால் மறுபேச்சின்றி நிறுத்துங்கள். அவர் ஹெட்போன் மாட்டிக்கொண்டு துடுப்புப் போட்டால் அந்தப் பரிசலில் ஏறாதீர்கள். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கிக்கு 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் தடை விதிக்கின்றன. கைக்கடக்கமான ஸ்பீக்கர்தானே என்று நினைக்கலாம். ஆனால் இரவில் நீரை ஒட்டிய காற்று குளிர்ந்தும் மேலே உள்ள காற்று சூடாகவும் இருப்பதால், ஒலி மேலே போய்ச் சிதறாமல் நீரை நோக்கியே வளைந்து நெடுந்தூரம் போகும். நாகமரைக் கரையில் பாடுவது பண்ணவாடிக் கரையில் உறங்குபவருக்குக் கேட்கும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் காவிரிக் கரையில் பெரும்பகுதி காவேரி வடக்கு, தெற்கு வன உயிரினச் சரணாலயங்களுக்குள் அடங்குகிறது. அஞ்செட்டி, பென்னாகரம் காட்டுப் பகுதிகளில் யானைகள் நீர் குடிக்க இறங்கும் துறைகளுக்கு அருகே ஸ்பீக்கரை முற்றாக அணைத்துவிட வேண்டும்.

நீரில் விழுந்துவிட்டால்

முதலில் அணைக்கவும், வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காகத் திரும்ப இயக்கவே வேண்டாம். ஆற்று நீரில் வண்டல் இருக்கும் என்பதால், ஐபிஎக்ஸ்7 அல்லது ஐபி67 கருவியாக இருந்தால் மூடியை இறுக மூடிய நிலையில் நல்ல நீரில் ஒரு முறை அலசி, வாய்ப்பக்கம் கீழே இருக்குமாறு நிழலில் ஒரு நாள் முழுக்க வையுங்கள். அரிசிக்குள் புதைப்பதால் பயனில்லை. அரிசித் தூள்தான் துளைக்குள் போய் அடைக்கிறது. சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடிய டப்பாவில் வைப்பது மேல். சார்ஜ் துளை உலரும்வரை ஒயரைச் செருகாதீர்கள். ஈரத்தோடு செருகினால் அதன் பித்தளை முனைகள் சில நாட்களிலேயே பச்சை பூத்துவிடும். நீர் புகாதது என்ற சான்றே இல்லாத கருவியாக இருந்தால் அலசாமல், பேட்டரியைக் கழற்ற முடிந்தால் கழற்றி, அன்றே பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோவது நல்லது. பேட்டரி உப்பியிருந்தால் எந்தக் கருவியையும் வீட்டுக்குள் வைக்காதீர்கள்.

புதிதாக வாங்கிய ஐபிஎக்ஸ்7 அல்லது ஐபி67 ஸ்பீக்கரை முதன்முதலில் ஆற்றுக்குக் கொண்டுபோவதற்கு முந்தைய நாள், வீட்டிலேயே ஒரு வாளியில் சோதித்துவிடுங்கள். மூடியை இறுக்கி, அணைத்த நிலையில் நீருக்குள் ஒரு சாண் ஆழத்தில் பிடித்து, மெதுவாக நாற்புறமும் திருப்பிப் பாருங்கள். மேற்பரப்பில் ஒட்டியிருந்த காற்று முதலில் சில குமிழிகளாக வந்து நின்றுவிடும். ஒரே இடத்திலிருந்து தொடர்ந்து குமிழி வந்தால் அங்கே ரப்பர் சரியாக உட்காரவில்லை. துடைத்து, உலர்த்தி, பில்லை எடுத்துக்கொண்டு அன்றே கடைக்குப் போய் மாற்றித் தரச் சொல்லுங்கள்.